தெருவை அளந்துவிட்டு வண்டி வாங்குங்கள்

க்ரூஸர் பைக் வாங்கலாம் என்று மனதுக்குள் முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது சிசி, மைலேஜ், விலை. டெல்டாக்காரர்கள் அதற்கும் முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும் என்பேன். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வண்டி ராத்திரி நிற்பது ரேழியில், அதாவது வாசலைத் தாண்டியதும் வரும் நடையில். நிலைவாசலின் அகலம் பல வீடுகளில் இரண்டரை அடியிலிருந்து மூன்றடிக்குள்தான். க்ரூஸரின் ஹேண்டில்பார் மட்டும் 80 சென்டிமீட்டருக்கு மேல், ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி. பக்கக் கண்ணாடிகள் இதில் சேரவில்லை. நூறு சிசி வண்டியை ஒரே மூச்சில் தள்ளி ஏற்றுகிற அதே படியில் 190 கிலோ வண்டியை ஏற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். வாசலை அளந்த பிறகு தெருமுனைக்குப் போய், வண்டி எந்த இடத்தில் திரும்ப வேண்டியிருக்கும் என்று பாருங்கள். அந்தத் திருப்பத்தில் பாதியை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அடைத்துக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

இவ்வளவு ஏன் அளக்க வேண்டும்? க்ரூஸர் என்பது நேர்ச்சாலைக்கு என்றே உருவான வண்டி. நம் ஊர்ச் சாலைகளோ வாய்க்காலோடு ஓடி, மதகில் மடங்கி, ஊருக்குள் ஒடுங்குபவை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர்தான். பழைய ரோட்டில் போனால் அதற்குள் எத்தனை கடைத்தெரு, எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளிக்கூட வாசல்! இங்கே ஓட்டுபவரின் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் போய்விடும். முதல் க்ரூஸரைத் தேர்ந்தெடுக்கும்போது நூறில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதைவிட, பத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது நல்லது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரப்போகிறது.

எது க்ரூஸர், எது இல்லை

புல்லட்டையும் க்ளாசிக்கையும் க்ரூஸர் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கனம், சத்தம் இரண்டாலும் வந்த குழப்பம் அது. அவற்றில் முதுகு நிமிர்ந்திருக்கும், கால் முழங்காலுக்குக் கீழே நேராக இறங்கும். க்ரூஸரில் சீட் தாழ்வு, ஹேண்டில் ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்து வரும், ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்கு முன்னால் இருக்கும், முன்ஃபோர்க் அதிகம் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் நீளம். இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் க்ரூஸர்.

இந்தியாவில் நடுத்தரக் குடும்பம் தொடக்கூடிய விலையில் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தவை பஜாஜ் விற்ற கவாஸாகி எலிமினேட்டர் (2001), அதன் வழியாக 2005இல் வந்த அவெஞ்சர், 2002இல் வந்த ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ஆகியவை. தண்டர்பேர்டின் இடத்தை 2020 நவம்பரில் மீட்டியோர் 350 எடுத்துக்கொண்டது. 2023இல் சூப்பர் மீட்டியோர் 650 வந்தது.

முதன்முதலாக வாங்குபவர் எதிரெதிரே வைத்துப் பார்க்க இந்த மூன்றே போதும். அவெஞ்சர் 220 க்ரூஸ்: சீட் உயரம் 737 மில்லிமீட்டர், எடை 163 கிலோ, சக்கர இடைவெளி 1490 மில்லிமீட்டர். மீட்டியோர் 350: சீட் 765, எடை 191, இடைவெளி 1400, தரைக்கும் வண்டிக்கும் நடுவே 170 மில்லிமீட்டர். சூப்பர் மீட்டியோர் 650: சீட் 740, எடை 241, இடைவெளி 1500, தரை இடைவெளி வெறும் 135.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஊராட்சிச் சாலைகளில் ஆளாளுக்குப் போட்டிருக்கும் வேகத்தடைகளுக்கு உயரக் கணக்கு கிடையாது. மாட்டுவண்டியே குதித்து இறங்கும் தடைகளும் உண்டு. பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் 135 மில்லிமீட்டர் என்பது இன்னும் குறையும். சக்கர இடைவெளியும் நீளமாக இருப்பதால் முன்சக்கரம் இறங்கிவிட்ட பிறகு வண்டியின் வயிறு தடையின் முகட்டில் உரசும். அப்படி உரசுவது பெரும்பாலும் சைலன்சர் வளைவு அல்லது ஃபிரேமின் அடிக்குழாய். வாரம் ஒருமுறை நாற்கரச் சாலையைத் தொடுபவருக்கு 650 சரி. தினமும் மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் ஊர்ச்சாலையில் போய்வருபவர் முதல் வண்டியாக 650 எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன், பணம் இருந்தாலும்.

ஷோரூமில் கால் ஊன்றிப் பார்ப்பது போதாது

க்ரூஸரில் ஏறி உட்கார்ந்தவுடன் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியும். அந்தச் சுகத்திலேயே பாதி விற்பனை முடிந்துவிடும். கால் எட்டுவது ஒரு சோதனைதான், அதோடு இன்னும் நாலைந்தைச் செய்து பாருங்கள்.

ஹேண்டிலை இடப்பக்கம் முழுசாக ஒடித்து, வலது கை பிடியை விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மறுபக்கம். உயரம் குறைந்தவர்களுக்கு வெளிப்பக்கத்துக் கை முழுசாக நீண்டு, விரல்நுனிதான் பிடியில் இருக்கும். அந்த நிலையில் கிளட்சையோ ஆக்ஸிலரேட்டரையோ அளவாகப் பிடிக்க முடியாது. சந்தில் திரும்பும்போது வண்டி சாய்வது இதனால்தான். ஹேண்டிலைக் கிளாம்பில் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் சுழற்றிக்கொள்ளலாம். அப்படியும் எட்டவில்லை என்றால் அந்த வண்டி உங்கள் உடம்புக்கு இல்லை.

அடுத்து, உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், லேசான ஏற்றத்தில். பேருந்து நிலைய ஸ்டாண்டில் வண்டியை முன்பக்கமாகச் சொருகிவிட்டு வெளியே எடுக்க முடியாமல் தவிப்பது புதிதாக க்ரூஸர் வாங்கியவர்கள்தான்.

சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். பத்துமுறை. முதல்முறை யாருக்கும் வந்துவிடும், பத்தாவது முறை இடுப்பு சொல்லும்.

டெஸ்ட் ரைடு ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருபது நிமிடமாவது வேண்டும். அதில் ஒரு யூ டர்ன், ஒரு குண்டும் குழியுமான தெரு, ஒரு நெரிசல் சிக்னல் இருக்க வேண்டும். குண்டும் குழியும் ஏன் என்றால், சாதாரண வண்டியில் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று முழங்காலால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வோம். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் எழவே முடியாது. பின்சஸ்பென்ஷன் அமுங்கும் அளவும் குறைவு. பள்ளத்தின் அடி நேராக வால் எலும்பில் இறங்கும். முதுகுத்தண்டில் ஏற்கெனவே பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சோபாபோல இருக்கிறதே என்று சீட்டின் மெத்தையை நம்பாதீர்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடிப்பலகை தெரிய ஆரம்பிக்கும்.

கனம் எங்கே வேலை செய்கிறது

191 கிலோ வண்டி, 70 கிலோ ஓட்டுபவர், 60 கிலோவில் பின்னால் ஒருவர். 321 கிலோ. முப்பதைத் தாண்டிவிட்டால் இந்தக் கனம் தெரியாது, சாய்ந்த ஃபோர்க்கும் நீள இடைவெளியும் வண்டியைத் தானே நேராகப் பிடித்துக்கொள்ளும். பத்துக்குக் கீழே அதே சாய்ந்த ஃபோர்க் எதிர்வேலை செய்யும். ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினால் முன்சக்கரம் அந்தப் பக்கமே விழப்பார்க்கும். புதியவர் பயந்து முன்பிரேக்கைப் பிடிப்பார். ஒடித்த ஹேண்டிலும் முன்பிரேக்கும் சேர்ந்தால் வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

மெதுவாகத் திரும்புவதற்கு வழி வேறு. கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் இழுக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் லேசாகக் கொடுத்தபடி, வலது பாதத்தால் பின்பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் முன்னால் இழுக்க, பிரேக் பின்னால் பிடிக்க, வண்டி இழுத்துக் கட்டியதுபோல நிமிர்ந்து நிற்கும். முன்பிரேக்கில் விரலே வேண்டாம். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, திரும்பி முடித்தபின் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு வண்டி திரும்பும்.

வேகமாகப் போகும்போது வளைவதற்கு, எந்தப் பக்கம் வளைய வேண்டுமோ அந்தப் பக்கத்துப் பிடியை முன்னால் தள்ளுங்கள். வலப்பக்கம் போக வலது கையைத் தள்ள வேண்டும். எல்லா வண்டியும் இப்படித்தான் வளைகிறது. லேசான வண்டியில் உடம்பைச் சாய்த்தே சமாளித்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. க்ரூஸரில் உடம்பை மட்டும் சாய்த்தால் வளைவு போதாமல் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவோம். ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக இருப்பதால் அதிகம் சாய்த்தால் அது தரையில் உரசும். சத்தம் கேட்டவுடன் பயந்து ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று விடாதீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு உள்ளே நுழையுங்கள். நம் சாலைகளில் நீண்ட அழகான வளைவு அபூர்வம், பாலத்துக்கு முன்னால் ஒரே மடக்காக மடங்கும் இடங்கள்தான் அதிகம்.

இனி ஆற்றங்கரைச் சாலை. திருவையாற்றைச் சுற்றி காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள். இந்தக் கரைகளில் ஓடும் சாலைகளில் பல இடங்களில் ஒரு பேருந்துக்குத்தான் அகலம் இருக்கும். எதிரே பேருந்து வந்தால் இருசக்கர வண்டிதான் மண்ணில் இறங்க வேண்டும். தார் விளிம்பிலிருந்து மண் அரை அடி கீழே கிடக்கும். லேசான வண்டியை ஒரு காலை ஊன்றி இறக்கிவிடலாம். க்ரூஸரை அப்படி ஓரமாகத் தேய்த்து இறக்கினால் பின்சக்கரம் விளிம்பிலேயே வழுக்கும். தூரத்தில் பேருந்து தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, விளிம்பு தாழ்வாக இருக்கும் இடம் பார்த்து, ஹேண்டிலைக் கொஞ்சம் அகலமாகத் திருப்பி இரண்டு சக்கரத்தையும் அடுத்தடுத்து இறக்குங்கள். ஏறும்போதும் அப்படியே, விளிம்புக்கு முடிந்தவரை செங்குத்தாக. லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தைக் கடக்கவும் இதே விதி. மழையில் நனைந்த தண்டவாளத்தில் சாய்வாக ஏறினால் டயர் எதையும் பற்றாது.

சேறு, நெல், உளுந்துச்செடி

குறுவை நடவு, சம்பா நடவு சமயங்களில் டிராக்டர் சேற்றுக்கு மாட்டிய இரும்புக் கேஜ் வீலோடு வயலிலிருந்து ஏறிவரும் இடத்தில் தார்ச்சாலைமேல் களிமண் வார்போல ஒட்டியிருக்கும். காய்ந்தால் தூசி, ஒரு தூறல் போட்டால் சோப்பு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இருக்கிறதே என்பவர்களுக்கு: 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் ஒற்றைச் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். அவெஞ்சரில் அதுதான், மீட்டியோரில் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. க்ரூஸரில் எடை பின்னால் அதிகம் என்பதால் பின்பிரேக் மற்ற வண்டிகளைவிட நன்றாகவே பிடிக்கும். அதனாலேயே பின்பிரேக்கை மிதித்துப் பழகிவிடுவார்கள். பின்பக்கத்துக்கு ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சேற்றின்மேல் அப்படி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். சேறு தெரிந்தால் அதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் முடித்துவிட்டு, அதன்மேல் எதையும் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

அறுவடையில் பாதிச் சாலையில் நெல் காயும். சுற்றிக் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் கல் தெரியாது. நெல்மணி டயருக்கு அடியில் உருளும். சம்பாவுக்குப் பின் உளுந்து, பயறு அறுக்கும்போது செடியைச் சாலையில் பரப்பி வண்டிகளை ஏறவிடுவதும் நடப்பதுதான். அந்தக் காய்ந்த செடி செயினிலும் சைலன்சர் வளைவிலும் சுற்றிக்கொள்ளும். க்ரூஸரில் சைலன்சர் தாழ்வு, ஓடிய சூட்டில் காய்ந்த சருகு பற்றிக்கொள்ளக்கூடும். கடந்ததும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு குச்சியால் எடுத்துப் போடுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், சைலன்சர் வளைவு தோலை உரித்துவிடும்.

மழைக்காலத்து ராத்திரியில் வயல்களிலிருந்து விளக்கைத் தேடி வரும் பூச்சி முகத்தில் அறையும். நிமிர்ந்து சாய்ந்து உட்காரும் க்ரூஸரில் மார்பும் முகமும் காற்றுக்கு முழுசாகத் திறந்திருக்கும். கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் பகலுக்கு மட்டும்தான், ராத்திரிக்குத் தெளிந்த வைசர் வேண்டும். முகம் முழுக்க மூடும், ஐஎஸ் 4151 முத்திரை உள்ள ஹெல்மெட்டை வண்டி விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். க்ரூஸருக்கு அரை ஹெல்மெட்தான் எடுப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சைடு ஸ்டாண்டு

விழுந்த க்ரூஸர்களில் பல ஓடும்போது விழுந்தவையாக இருக்காது, நிறுத்திவைத்த இடத்தில் விழுந்தவையாக இருக்கும். வயலோரம் வண்டியை நிறுத்துகிறீர்கள். மேல்மண் வெயிலில் பொருக்குத் தட்டி உறுதியாகத் தெரிகிறது. அடியில் வாய்க்கால் கசிவில் வண்டல் இன்னும் ஈரம். சைடு ஸ்டாண்டின் பாதம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, வண்டியின் சாய்ந்த பாரம் அதில் இறங்குகிறது. முதலில் பொருக்கு லேசாகக் கீறுகிறது. நீங்கள் பத்தடி நடந்து போவதற்குள் ஸ்டாண்டு ஒரு விரற்கடை இறங்கிவிடும். இறங்க இறங்க வண்டி இன்னும் சாயும், சாயச் சாயப் பாரம் இன்னும் ஏறும். கால்மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வண்டி வாய்க்காலைப் பார்த்துப் படுத்திருக்கும். மே மாதத்தில் இளகிய தாரிலும் இதே கதைதான்.

உள்ளங்கை அகலத்தில் அரை அங்குலப் பலகைத் துண்டு ஒன்றில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இறங்குமுன் அதைக் கீழே போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வைத்துவிட்டு, கயிற்றை ஹேண்டிலில் மாட்டிவிட்டால் எடுக்க மறக்காது. சரிவில் நிறுத்தினால் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும், கியர் ஒன்றில் இருக்கட்டும். சென்டர் ஸ்டாண்டு கிடைக்கும் வண்டி என்றால் கூடுதல் காசு ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். செயினுக்கு எண்ணெய் விடவும் பஞ்சர் பார்க்கவும் அது இல்லாமல் சிரமம்.

விழுந்தே விட்டால் ஹேண்டிலைப் பிடித்து முன்னால் குனிந்து தூக்காதீர்கள், இடுப்பு போய்விடும். முதலில் சாவியை அணையுங்கள், பெட்ரோல் வழிகிறதா பாருங்கள். முடிந்தால் கியரில் போடுங்கள், வண்டி உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன் சைடு ஸ்டாண்டை இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்துவிடும். ஹேண்டிலைத் தரையைப் பார்த்து முழுசாக ஒடியுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட் விளிம்பில் முட்டுக்கொடுத்து உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை சீட்டுக்கு அடியில் ஃபிரேமில். முதுகை நேராக வைத்துக்கொண்டு, தொடையின் பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். வண்டி தானே எழும். நிமிர்ந்தபின் உடனே ஸ்டார்ட் செய்யாமல் இரண்டு நிமிடம் விட்டு, பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

வீட்டுக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்

க்ரூஸரை ரசித்து வாங்குபவர் ஒருவர், பின்னால் உட்காரப்போவது அம்மா, மனைவி, பிள்ளை. பின்சீட் பெரும்பாலும் சின்னது, பின்னோக்கிச் சரிந்தது. ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காரும் அம்மாவுக்கு அதில் பிடிமானம் கிடையாது. பின்னால் முதுகுச்சாய்வு போட்டால் இருபக்கம் கால் போடுபவருக்குச் சுகம், ஒருபக்கமாக உட்காருபவருக்கு அது விலாவில் இடிக்கும். வாங்குமுன் அவரையும் அழைத்துப்போய் உட்காரவைத்து, ஒரு வேகத்தடை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சேலை கார்டைக் கழற்றினால் வண்டி எடுப்பாகத் தெரியும் என்று சில மெக்கானிக்குகளே சொல்வார்கள். கழற்றாதீர்கள். பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சேலையும் வேட்டியும் ஸ்போக்கில் சுற்றுவது நொடியில் நடந்துவிடும்.

உரமூட்டை, தவிட்டு மூட்டை, மோட்டார் பம்ப் ஏற்றும் வேலைக்கு க்ரூஸர் ஆகாது. முன்னால் வைக்க இடமில்லை, பின்னால் கட்டினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். வீட்டில் டிவிஎஸ் எக்ஸ்எல் இருந்தால் அதை விற்றுவிட்டு க்ரூஸர் வாங்க நினைக்காதீர்கள்.

பணக்கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 349 சிசி மீட்டியோர் முதல் வரிசையில், 648 சிசி சூப்பர் மீட்டியோர் இரண்டாவதில். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், 350க்கு மேல் 15,117 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஷோரூம் தரும் கணக்கில் "கையாளும் கட்டணம்", "ஆக்சஸரீஸ் பேக்" என்று வருபவற்றுக்குத் தனித்தனியாக ரசீது கேளுங்கள்.

சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதும் விலையில் சேர்ந்ததுதான். அருமையான வெளிநாட்டு க்ரூஸர் வாங்கிவிட்டு ஒரு கிளட்ச் கேபிளுக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ ஓடுவது முதல் வண்டிக்காரருக்கு வேண்டாத அலைச்சல். டயரையும் விசாரியுங்கள். அவெஞ்சர் க்ரூஸின் பின்டயர் 130/90-15, எல்லா டயர்க்கடையிலும் இருப்பு இருக்கும் அளவு இல்லை. அது ஸ்போக் சக்கரம், டியூப் டயர், பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ள வண்டி என்றால் ஒரு பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் சீட்டுக்கு அடியில் போதும்.

சைலன்சர் மாற்றும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. சட்டத்தை விடுங்கள், விடிகாலை நாலரை மணிக்குத் தேர்வீதியில் அந்தச் சத்தம் எத்தனை வீட்டுக் குழந்தையை எழுப்பும்!

பழைய வண்டி என்றால்

நம் கடலோரத்தில் ஓடிய வண்டியை நிழலில் பார்க்காதீர்கள், வெயிலில் நிறுத்திப் பாருங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று குரோமைத் தின்னும். டேங்கின் மேற்பகுதியைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது டேங்கின் அடிமடிப்பு, ஸ்போக் நிப்பிள், சைலன்சர் வளைவின் உள்பக்கம், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், பேட்டரி முனை. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்சுவரில் செம்பழுப்பு தெரிந்தால் அந்தத் துரு எரிபொருள் குழாயை அடைக்கும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பல மாதம் ஓட்டாமல் நின்ற கார்புரேட்டர் வண்டியில் துருவும் வெடித்த ரப்பர்க் குழாயும் சேர்ந்தே வரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னொரு வகை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும், வடகிழக்குப் பருவமழை ஊரை மூழ்கடித்த மற்ற ஆண்டுகளிலும் நீரில் நின்ற வண்டிகள் ஏராளம். ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்து பாருங்கள், பால் கலந்த காபிபோல நுரை ஒட்டியிருந்தால் எஞ்சினில் நீர் போயிருக்கிறது. சீட்டைக் கழற்றி வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு தெரிகிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டல் பொய் சொல்லாது.

பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி ஹேண்டிலை மெல்ல இருபக்கமும் திருப்புங்கள். நட்டநடுவில் 'டக்' என்று ஓர் இடத்தில் தங்கினால், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. கனமான வண்டி பள்ளத்தில் விழுந்து விழுந்து வரும் தேய்மானம் இது. ஃபோர்க் குழாயை விரலால் தடவுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. செயின் சுற்றும் பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள், பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டாக மாற்ற வேண்டும், அந்தக் காசை விலையில் குறையுங்கள். டயரின் பக்கச்சுவரில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட டயர் வெடிப்பு விட்டு, மழையில் பிடிக்காது. ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசி இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு

கையேடு சொல்லும் தூரம் வரை அதில் உள்ள வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், டாப் கியரில் எஞ்சின் திணறவிடாமல் ஓட்டுங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். செயினை ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். தொய்வு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர். அதைவிட இறுக்கினால் பேரிங் தேயும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பேட்டரி முனையில் வாஸ்லின் தடவுங்கள். குரோமுக்குப் பூசும் எந்த எண்ணெயும் பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது.

சாலையில் தண்ணீர் ஓடினால், முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எதுவரை முங்குகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அச்சுக்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். உள்ளே போனபின் ஆக்ஸிலரேட்டரை விடக் கூடாது, முதல் கியரிலேயே சீராகக் கடக்க வேண்டும். நடுவில் நின்றுபோனால் செல்ஃபை அழுத்தாதீர்கள், சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கை அழையுங்கள். கடந்துவந்தால் பிரேக்கை லேசாக நாலைந்துமுறை அழுத்தி உலர்த்துங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம், அறுவடை முடிந்து காலியாக இருக்கும் களத்துமேட்டுக்குக் காலையில் ஓட்டிப்போங்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பழைய டயரைப் போட்டு, அவற்றைச் சுற்றி எட்டுப்போடுங்கள். முதல் நாள் கால் ஊன்றித்தான் வரும். பாதி கிளட்ச், பின்பிரேக், திரும்ப வேண்டிய இடத்தில் கண். மூன்று நாலு நாளில் கால் ஊன்றாமல் வந்தபின் இடைவெளியைக் குறையுங்கள். பிறகு பின்னால் ஒருவரை ஏற்றி அதையே செய்யுங்கள். அதன்பின் உங்கள் தெருமுனைக்கு வந்து, அளந்துவைத்த அந்தத் திருப்பத்தில், டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கமாக ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.